ஒத்த தவறும் ஒவ்வாத நேரமும்: கணினித் தேர்வில் காப்பியைப் பிடிக்கும் கணக்கு

இரண்டு தேர்வர்கள் 60 வினாக்களில் ஆளுக்கு 57 சரியாகப் போட்டிருந்தால், அவர்களுடைய விடைகள் குறைந்தது 54 வினாக்களில் ஒத்துப்போயே தீரும். ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்த்தே இராவிட்டாலும் கணக்கு அப்படித்தான். ஆகவே "இருவரின் விடைகளும் 90 சதவீதம் ஒன்று" என்று ஓர் அறிக்கை சொன்னால், உடனே கேட்க வேண்டியது: ஒத்துப்போனவற்றில் எத்தனை சரி, எத்தனை தவறு?

சரியான விடை ஒன்றுதான். படித்தவர்கள் எல்லோரும் அங்கே வந்து சேர்வார்கள். தவறுவதற்குத்தான் பல வழி உண்டு. அதனால் இந்தத் துறையின் முதல் கருவியே ஒத்த தவறுகளை எண்ணுவதாக இருந்தது. 1927-இல் சார்லஸ் பேர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், சந்தேகத்துக்கு உள்ளானவர்களின் ஒத்த தவறுகளைத் தற்செயலாக எடுத்த ஜோடிகளின் ஒத்த தவறுகளோடு ஒப்பிட்டார். கணினி வந்தபின்னும் அடிப்படை அதுவே. மாறியது, "தற்செயலாக எத்தனை ஒத்துப்போகும்" என்பதை எவ்வளவு நுணுக்கமாகக் கணிக்கிறோம் என்பதுதான்.

வெறும் எண்ணிக்கை போதாததற்குக் காரணம் இது. நான்கு ஆப்ஷன் உள்ள வினாவில் தவறான ஆப்ஷன் மூன்று. தவறுகிறவர்கள் மூன்றிலும் சமமாகப் பரவினால், தவறிய இருவர் ஒரே ஆப்ஷனில் விழும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஆனால் வினா எழுதியவர் கெட்டிக்காரராக இருந்து, தவறுகிறவர்களில் 80 சதவீதம் பேரை ஒரே ஆப்ஷன் இழுத்து, மற்ற இரண்டும் பத்துப் பத்து சதவீதம் இழுத்தால், அந்த வாய்ப்பு 0.66 ஆகிவிடும். கூட்டம் கூட்டமாக விழும் குழியில் இருவர் சேர்ந்து விழுந்தது சாட்சி ஆகாது. நூற்றுக்கு இரண்டு பேர் மட்டும் தொடும் ஆப்ஷனை இருவரும் தொட்டிருப்பதும், அப்படி ஏழெட்டு வினாக்களில் நடந்திருப்பதும்தான் கவனிக்க வேண்டியது.

ஜோடிகளின் கணக்கு

இதை முறைப்படி செய்யும் அளவைகளில் அதிகம் பயன்படுவது ஒமேகா. ஜேம்ஸ் வாலக் 1997-இல் முன்வைத்தார். அதற்கு முதலில் ஒவ்வொரு வினாவுக்கும், ஒவ்வொரு திறன் மட்டத்தில் உள்ளவர் ஒவ்வொரு ஆப்ஷனையும் தேர்ந்தெடுக்கும் நிகழ்தகவு வேண்டும். பாக் 1972-இல் தந்த பெயரளவு விடை மாதிரி (மாடல்) அதைத் தரும். சரி, தவறு என்று இரண்டாகப் பிரிக்காமல் ஒவ்வொரு ஆப்ஷனையும் தனியாகப் பார்ப்பதே அதன் பலம். பிறகு, யாரைப் பார்த்து எழுதியதாகச் சந்தேகமோ அவருடைய விடைகளை அப்படியே நிலையாக வைத்துக்கொண்டு, மற்றவர் தம் திறனுக்கு அதே விடையைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் நிகழ்தகவை வினா வினாவாக எழுத வேண்டும். அவற்றின் கூட்டல் எதிர்பார்க்கும் ஒத்துப்போதல். ஒவ்வொரு நிகழ்தகவையும் ஒன்றிலிருந்து அதைக் கழித்த மிச்சத்தால் பெருக்கிக் கூட்டினால் பரவற்படி. அதன் வர்க்கமூலம் திட்டவிலக்கம்.

எண் போட்டுப் பார்க்கலாம். 60 வினாக்களில் 31 ஒத்துப்போகும் என்பது எதிர்பார்ப்பு, பரவற்படி 9, திட்டவிலக்கம் 3. உண்மையில் 46 ஒத்துப்போயிருக்கின்றன. 15-ஐ 3-ஆல் வகுத்தால் ஒமேகா 5. தற்செயலாக இந்த அளவுக்கு மேல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்று.

இதைக் கேட்டதும் "பிடிபட்டான்" என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் பெரும்பாலான விசாரணைகள் தடம் புரள்கின்றன. இந்த ஜோடியை எப்படிக் கண்டீர்கள்? கண்காணிப்பாளர் பெயர் சொல்லிப் புகார் கொடுத்து, அந்த ஒரு ஜோடியை மட்டும் சோதித்தீர்கள் என்றால் அந்த 35 லட்சம் உண்மையிலேயே 35 லட்சம். ஆனால் 10,000 பேர் எழுதிய தேர்வில் எல்லா ஜோடிகளையும் சலித்து எடுத்தீர்கள் என்றால், மொத்த ஜோடிகள் 4,99,95,000. ஒருவர்கூடக் காப்பி அடிக்காத தேர்விலும் சுமார் 14 ஜோடிகள் 5-ஐத் தாண்டி நிற்கும். ஒமேகாவுக்குத் திசை உண்டு. யார் பார்த்தவர், யாரிடமிருந்து என்று இரு பக்கமும் கணக்கிட்டால் சோதனைகளின் எண்ணிக்கை இன்னும் இரட்டிக்கும்.

வழி இரண்டு. ஒன்று, வாசலை, அதாவது இதைத் தாண்டினால் சந்தேகம் என்று வைக்கும் எல்லையை, உயர்த்துவது. தேர்வு முழுவதற்கும் தவறான எச்சரிக்கை வரும் வாய்ப்பை 0.01-க்குள் நிறுத்த, அதை ஜோடிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அப்போது ஒமேகா சுமார் 6.25-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். பத்துப் பதினைந்து வினாக்களை மட்டும் பார்த்து எழுதியவர் இந்த வலையில் சிக்கவே மாட்டார். இரண்டாவது வழி, சோதிக்கும் ஜோடிகளைக் குறைப்பது. அடுத்தடுத்த இருக்கையில் இருந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால், ஆளுக்கு நான்கு பக்கத்து இருக்கை என்ற கணக்கில் ஜோடிகள் சுமார் 20,000-ஆகச் சுருங்கும். அப்போது 5 என்ற வாசலைத் தற்செயலாகத் தாண்டும் ஜோடிகளின் எதிர்பார்ப்பு 0.006 மட்டுமே. இருக்கை வரைபடம் இல்லாத தேர்வு மையத் தரவு பாதித் தரவுதான் என்று சொல்வது இதனால்தான். எந்த வழியானாலும் வாசலை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பார்த்தபிறகு நகர்த்தும் வாசல் வாசலே அல்ல.

இன்னொரு நுட்பச் சிக்கல்: ஒமேகா மணி வடிவ இயல்நிலைப் பரவலை நம்புகிறது. நடுவில் அந்த நம்பிக்கை பொருந்தும். நமக்கு வேண்டியதோ வாலின் கடைசி நுனி. அங்கே தோராயம் பல மடங்கு பிசகலாம், குறிப்பாக வினாக்கள் குறைவாகவோ மிக எளிதாகவோ இருந்தால். வான் டெர் லிண்டனும் சோட்டாரிடோனாவும் 2006-இல் தந்த பொது ஈருறுப்புச் சோதனை இந்தத் தோராயத்தைத் தவிர்க்கிறது. ஒவ்வொரு வினாவாகச் சேர்த்துக்கொண்டே 0 ஒத்துப்போதல், 1, 2 என்று முழுப் பரவலையும் துல்லியமாகக் கட்டுவது அது. ஐந்து கோடி ஜோடிகளுக்கும் அதை ஓட்டினால் கணினி திணறும். முதலில் ஒமேகாவில் சலித்து 3-க்கு மேல் வருபவற்றுக்கு மட்டும் துல்லியக் கணக்கைப் போட்டால் போதும். 10,000 பேர் தேர்வில் தற்செயலாக அப்படி மிஞ்சுவது எழுபதாயிரத்துக்குள் அடங்கும். ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் மாதிரியைப் பொருத்த மர்ட் பொதியும், இந்த அளவைகளுக்குக் காப்பிடிடெக்ட் பொதியும் இருக்கின்றன.

மாதிரியையே நம்பலாமா என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. ஏனோ பலர் செய்வதில்லை. ஒரே வினாத்தொகுப்பை வெவ்வேறு ஊர் மையங்களில் ஒரே நேரத்தில் எழுதியவர்களை ஜோடி சேருங்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுதியிருக்க முடியாது. அந்த லட்சக்கணக்கான ஜோடிகளின் ஒமேகாவை வரைந்து, 3-க்கு மேல் ஆயிரத்தில் ஒன்றரைக்கும் குறைவாக வருகிறதா என்று பாருங்கள். ஆயிரத்துக்கு ஐந்து வந்தால் ஒன்று மாதிரி பொருந்தவில்லை, அல்லது மையம் தாண்டிய கசிவு நடந்திருக்கிறது. இரண்டில் எது என்று தெரியும்வரை எந்தப் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது.

ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் ஒரே தவறான சூத்திரத்தைக் கற்றிருக்கலாம். அதுவும் ஒத்த தவறுதான். இதைப் பிரித்தறிய, ஒரே வகுப்பில் படித்து வேறு அறையில் தேர்வு எழுதிய ஜோடிகளை ஒப்பீட்டுக்கு வையுங்கள். அவர்களுக்கும் அதே உயரம் வந்தால் காரணம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் உயர்ந்தால் காரணம் இருக்கை. ஸ்டீவன் லெவிட், மிங்-ஜென் லின் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்பில் பக்கத்து இருக்கை ஜோடிகளின் ஒத்த தவறுகள் எதிர்பார்ப்பை வெகுவாக மிஞ்சியிருந்தன. இறுதித் தேர்வில் இருக்கைகளைக் குலுக்கிப் போட்டு, கண்காணிப்பையும் கூட்டியபோது அந்தத் தடயம் ஏறக்குறைய மறைந்தது. கணக்கு எவ்வளவு நயமானாலும், இருக்கையைக் குலுக்கிப் போடுவதே மலிவான மருந்து.

தரவைத் துப்புரவு செய்யாமல் இறங்கினால் கோமாளித்தனமான முடிவுகள் வரும். கணினித் தேர்வில் ஆப்ஷன்களின் வரிசை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டப்படும். திரையில் இரண்டாவதாக இருந்ததையெல்லாம் ஒன்று என்று ஒப்பிடக் கூடாது; மூல வினாவின் ஆப்ஷன் எண்ணுக்கு மாற்றிய பின்பே ஒப்பிட வேண்டும். ஆனால் அந்தத் திரை வரிசைத் தரவைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஒருவருடைய விடைகளை, திரையில் இருந்த வரிசைப்படியே, அவருக்கு வராத மற்ற வினாத்தொகுப்புகளின் விடைக்குறிப்பை வைத்தும் திருத்திப் பாருங்கள். தம் தொகுப்பில் 60-க்கு 14 வாங்கியவர் வேறொரு தொகுப்பின் குறிப்பில் 55 வாங்கினால், அவர் கையில் இருந்தது அந்தத் தொகுப்பின் விடைப்பட்டியல். கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு எளிதான வேறு வகை இல்லை.

விடப்பட்ட வினாக்களை ஒரு விடையாக எண்ணினால், நேரம் போதாமல் கடைசிப் பத்தை விட்ட எல்லோரும் ஒருவரையொருவர் காப்பி அடித்தவர்கள் ஆகிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் முதல் ஆப்ஷனையே அழுத்திவிட்டுப் போன இருவருக்கும் இதே கதி. விடைக்குறிப்பே பிழையாக உள்ள வினாவில் நன்றாகப் படித்தவர்கள் அனைவரும் ஒரே "தவறான" விடையைத் தருவார்கள். முதலில் அதைக் களைய வேண்டும். மின்தடைக்குப் பின் மறுபடி தொடங்கிய அமர்வு, ஒரே ஆளை இரண்டு வரிசைகளாகப் பதிந்திருப்பதும் நடக்கும்.

கடிகாரம் சொல்வது

காகிதத் தேர்வில் கிடைக்காதது நேரம். ஒவ்வொரு வினாவிலும் எத்தனை நொடி, எத்தனை முறை திரும்பி வந்தார், எப்போது விடையை மாற்றினார் என்பதெல்லாம் சர்வரில் பதிவாகின்றன. என் கணிப்பில், வினாக்கள் முன்கூட்டியே கசிந்த வழக்குகளில் விடைகளைவிட நேரமே நல்ல சாட்சி. விடையை மனப்பாடம் செய்தவருக்கு, அந்த வினாவுக்கு யோசிப்பவர் எவ்வளவு நேரம் எடுப்பார் என்பது மனப்பாடம் ஆவதில்லை.

நொடிகளை அப்படியே வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நேரப் பரவல் வலப்பக்கம் நீளமாக இழுபடும். இயல் மடக்கை எடுத்தால் ஏறக்குறையச் சமச்சீர் ஆகும். வான் டெர் லிண்டன் 2006-இல் தந்த மாதிரி இதில்தான் நிற்கிறது: மடக்கை நேரம் என்பது வினா கேட்கும் உழைப்பிலிருந்து ஆளின் வேகத்தைக் கழித்தது, கூடவே கொஞ்சம் சிதறல். ஒரு வினாவின் உழைப்பு அளவு 4.5 என்று வையுங்கள். சராசரி வேகக்காரருக்கு 90 நொடி. நம் தேர்வர் சற்று வேகமானவர், 0.2. எதிர்பார்ப்பு 4.3, அதாவது சுமார் 74 நொடி. அந்த வினாவின் சிதறல் 0.4. அவர் 12 நொடியில் விடை அளித்திருக்கிறார். 12-இன் இயல் மடக்கை 2.48. வித்தியாசத்தைச் சிதறலால் வகுத்தால் மைனஸ் 4.5.

இது மட்டும் போதாது. 12 நொடியில் தவறாகப் போட்டிருந்தால் அது அவசர ஊகம். களைத்தவர், வெறுத்தவர், நேரம் தீர்ந்தவர் எல்லோரும் செய்வது. கடினமான வினாவை 12 நொடியில் சரியாகப் போட்டிருந்தால் புருவம் உயரலாம். நான்கில் ஒன்று குருட்டாம்போக்கிலும் சரியாகும் என்பதால் ஒரு வினாவை வைத்துப் பேச முடியாது. அப்படி பத்து வினாக்கள், பத்தும் சரி என்றால் ஊகத்தில் அது நடக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே.

விடைப்பட்டியலோடு வந்தவரிடம் அடிக்கடி தெரியும் வடிவம் ஒன்று உண்டு. மற்றவர்கள் எளிய வினாவுக்கு 20 நொடியும் கடினமானதற்கு 150 நொடியும் எடுக்கும்போது, இவருக்கு எல்லாமே 15 முதல் 20 நொடி. ஆகவே ஒருவருடைய மடக்கை நேரங்களுக்கும் வினாக்களின் சராசரி மடக்கை நேரங்களுக்கும் உள்ள ஒட்டுறவை (ஒன்று கூடும்போது மற்றதும் கூடுகிறதா என்பதை)ப் பார்ப்பது எளிமையான, நல்ல முதல் சல்லடை. நேர்மையானவர்களுக்கு அது தெளிவாக நேர்மறை. பட்டியல்காரருக்குப் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். வேண்டுமென்றே காத்திருந்து விடை அளிக்கும் புத்திசாலியும் இதில் மாட்டுவார், ஏனென்றால் எந்த வினாவில் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. வெளியே இருப்பவருக்குக் கேள்வியை அனுப்பி விடை பெறுகிறவரிடம் வேறு வடிவம்: வினா எளிதானாலும் கடினமானாலும் ஏறக்குறைய ஒரே நீளத் தாமதம், பிறகு சரியான விடை. பட்டியல் தாமதமாக வந்து சேர்ந்தால், முதல் அரை மணி நேரம் வெறுமனே பக்கம் புரட்டல், பிறகு வரிசையாக 60 வினாவும் பத்து நிமிடத்தில்.

இங்கும் தரவுப் பொறிகள் உண்டு. தேர்வர் ஒரு வினாவுக்கு மூன்று முறை வந்து போனால் மூன்றையும் கூட்ட வேண்டும். கடைசி வருகையை மட்டும் எடுத்தால் 3 நொடியில் விடை அளித்ததாகத் தோன்றும். தேர்வரின் கணினிக் கடிகாரத்தையும் சர்வர் கடிகாரத்தையும் கலக்கவே கூடாது. இணையம் விட்டுவிட்டு வரும் இடத்தில் பல விடைகள் தேங்கி ஒரே கணத்தில் சர்வரை அடையும். சர்வர் பதிவேட்டில் அது பத்து வினாக்களை ஒரே நொடியில் எழுதியது போலத் தெரியும். பெரிய படம் உள்ள வினாவில் படம் ஏறும் நேரமும் சேர்ந்திருக்கும். கூடுதல் நேரச் சலுகை பெற்றவர்களைத் தனியாகப் பொருத்த வேண்டும். நேரக் கெடுபிடியான தேர்வில் கடைசி ஐந்தாறு வினாக்களின் நேரத்தைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுவது நல்லது.

விடை மாற்றங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தவறிலிருந்து சரிக்கு மாறியவை அதிகம் என்பதே குற்றம் ஆகாது. நேர்மையாகத் திருத்துகிறவர்களுக்கும் சரியிலிருந்து தவறுக்குப் போவதைவிட அதுதான் அதிகம். அடிப்படை விகிதத்தைப் பாதிக்குப் பாதி என்று வைத்தால் ஊரே குற்றவாளி. பார்க்க வேண்டியது மாற்றங்கள் நேரத்தில் கொத்தாகக் குவிவது.

கசிந்த வினா

திறனுக்கேற்ப வினா மாறும் தகவமைவுத் தேர்வில் இருவருக்குப் பொதுவான வினாக்களே குறைவு. ஜோடிக் கணக்கு பலன் தராது. அங்கே நடப்பதும் பெரும்பாலும் பக்கத்து இருக்கைக் காப்பி அல்ல, வினா வங்கிக் கசிவு. அமெரிக்காவில் 1994-இல் காப்லான் பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களைப் பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வைக் கணினிவழி எழுத அனுப்பி, வினாக்களை மனப்பாடம் செய்து கொண்டுவரச் செய்தது. திரும்பத் திரும்ப அதே வினாக்கள் வருகின்றன என்பது வெட்டவெளிச்சமானது. தேர்வை நடத்திய இடிஎஸ் வழக்குத் தொடுத்தது. ஒரு வினா எத்தனை பேருக்குக் காட்டப்படலாம் என்று உச்சவரம்பு வைக்கும் சிம்ப்சன்-ஹெட்டர் முறை 1985 முதலே இருக்கிறது. ஆனால் வங்கி சிறிதாக இருந்தால் எந்த வரம்பும் உதவாது.

கசிவைப் பிடிக்கப் பழைய வினாக்களோடு இதுவரை எங்கும் வராத புதிய வினாக்களைக் கலப்பதே சிறந்த உபாயம். எது புதிது என்று தேர்வருக்குத் தெரியக் கூடாது. பிறகு இரண்டு பகுதிக்கும் தனித்தனியாகத் திறனை மதிப்பிடுங்கள். சராசரித் திறனைப் பூஜ்யமாக வைத்த அளவுகோலில், பழைய 40 வினாக்களில் 1.9, திட்டப்பிழை 0.30, புதிய 20-இல் மைனஸ் 0.4, திட்டப்பிழை 0.45. வித்தியாசம் 2.3. இரு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.54. வகுத்தால் 4.25. புதிய வினாக்கள் அனைத்தும் ஒரே பாடப்பகுதியில் இருந்தால் இந்த எண் பாடத்தை அளக்கும், கசிவை அல்ல. இரு பகுதிகளிலும் பாடக் கலவை ஒன்றாக இருக்க வேண்டும். மதிப்பெண் தராத இரண்டு மூன்று வினாக்களுக்குக் குறிப்பில் வேண்டுமென்றே தவறான விடையை வைக்கும் பொறியும் உண்டு. குறிப்பைத் திருடியவர் மட்டும் அந்தத் தவறில் போய் விழுவார்.

ஒவ்வொரு வினாவையும் வாராவாரம் கவனித்து வர வேண்டும். எழுதுகிறவர்களின் திறன் மாறாமலிருக்க, சரியான விடை விகிதம் ஏறி, எடுக்கும் நேரம் இறங்கினால் அந்த வினா வெளியே போய்விட்டது, ஓய்வு கொடுத்துவிடலாம். யாரையும் குற்றம் சாட்டாமல் தேர்வைக் காக்கும் வேலை என்பதால் என் விருப்பம் எப்போதும் இதற்குத்தான்.

எளிய வினாவில் தவறி, கடினமானதில் சரியாகப் போடும் முரணை அளக்கும் ஆள் பொருத்த அளவைகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. 2003-இல் காரபாட்சோஸ் 36 அளவைகளை ஒப்பிட்டார். தனியாக இவற்றை நம்ப வேண்டாம். பதற்றம், மொழிச் சிக்கல், பாடத்தில் பாதியை மட்டும் படித்தது எல்லாம் இதே முரணைத் தரும்.

கொடி ஏறியபின்

10,000 பேரில் 100 பேர் உண்மையில் முறைகேடு செய்தார்கள் என்று வையுங்கள். உங்கள் சோதனை அவர்களில் 60 சதவீதத்தைப் பிடிக்கும். நேர்மையானவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரைத் தவறாகத் தொடும். பிடிபட்டவர்கள் 60, அப்பாவிகள் 10. பட்டியலில் ஏழில் ஒருவர் நிரபராதி. தவறான எச்சரிக்கை நூற்றுக்கு ஒன்று என்றால் அப்பாவிகள் 99 பேர், குற்றவாளிகளைவிட அதிகம். "தற்செயலாக நடக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு" என்பதை "இவர் நிரபராதியாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு" என்று மாற்றிப் படிக்கும் அதிகாரிக்கு இந்தச் சிறு கணக்கை எழுதிக் காட்டாமல் அறிக்கையைக் கொடுக்காதீர்கள்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு தடயங்கள் சேர்ந்தால்தான் விசாரணை என்று விதி வைப்பது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது: ஒத்த தவறுகளும் இருக்கை அருகாமையும், அல்லது பழைய-புதிய வித்தியாசமும் நேர வடிவமும். ஒமேகாவையும் பொது ஈருறுப்புச் சோதனையையும் இரண்டு சாட்சிகள் என்று எண்ணக் கூடாது; இரண்டும் ஒரே விடைகளைத்தான் தின்கின்றன. தடயம் பலமாக இருந்தாலும் முடிவு "இவர் திருடினார்" என்று இருக்கத் தேவையில்லை. "இந்த மதிப்பெண்ணை நம்ப முடியவில்லை, கண்காணிப்பில் மறுதேர்வு எழுதலாம்" என்பதைத்தான் எண்களால் தாங்க முடியும்.

குழுவாக நடந்ததைக் காண, வாசலைத் தாண்டிய ஜோடிகளைக் கோடிட்டு இணைத்து வலை வரையலாம். ஆனால் முதலாமவர் இரண்டாமவரோடும், இரண்டாமவர் மூன்றாமவரோடும் இணைந்ததாலேயே முதலும் மூன்றும் ஒரே கும்பல் ஆகிவிடாது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒருவரோடொருவர் நேரடியாக இணைந்திருக்கும் கொத்துகளை மட்டும் எடுங்கள்.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் பலரும் ஒரே சாட்பாட்டிடம் கேட்டால், அவர்களுக்குள் தொடர்பே இல்லாமல் ஒத்த தவறுகள் வரும். அதன் விடைகளையும் ஒரு தேர்வரின் விடைத்தாளாகச் சேர்த்து ஒப்பிடலாம். தேர்வு முடிந்து, அந்த வினாக்களுக்கு நிரந்தர ஓய்வு கொடுத்தபின் மட்டும் இதைச் செய்யுங்கள். வினா வங்கியை அதனிடம் ஒட்டுவதும் ஒரு கசிவுதான்.